மைனஸ் மூன்று நிமிடம்

நூற்றுப் பதினான்காவது விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு
மாத்தே தேநீருக்கு வெந்நீர் வைத்தேன்.
தண்ணீர் கொதிப்பதற்குள் பதில் வந்துவிட்டது:
உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.
இவ்வளவு சீக்கிரம் என்னை வேண்டாமென்று சொல்ல
ஒரு மனிதரால் முடியாது.
அதுவும் ஓர் ஆறுதல்தான்.

ஜூலை. மொண்டெவிடியோவில் குளிர்காலம்.
கடல் மாதிரி நடிக்கும் நதியிலிருந்து காற்று வந்து
ஆளைத் தூக்கி அடுத்த தெருவில் வைக்கிறது.
பெயர் சுல்மா. வயது நாற்பத்தாறு.
பத்தொன்பது வருடம்
மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை தேடினேன்.
இப்போது வேலை தேடுகிறேன்.

வாஷிங்டனும் நானும்
ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே வீடியோ அழைப்பில் வேலையிழந்தோம்.
(அவன் பெயரே அதுதான். இந்த ஊரில் அப்படி வைப்பார்கள்.
விமானமே ஏறாதவன்.)
அவன் ஓர் அட்டவணை போட்டான்:
கம்பெனி, தேதி, மௌனம்.
மூன்றாவது பத்தி மட்டும் நிரம்பிக்கொண்டே போனது.

எங்கே தேடுவது, எப்படித் தேடுவது
என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.
புகைப்படத்தில் சிரி என்றாள் தங்கை நெலிடா.
சிரித்தேன்.
மூன்று காப்பீட்டு முகவர்கள் எழுதினார்கள்.
வயதை மறை என்றார் பழைய மேலாளர்.
முதல் பத்து வருடத்தை அழித்தேன்.
நான் செய்த உருப்படியான காரியங்களில் பாதி
அதோடு போயிற்று.
நேர்காணலில் ஒரு பெண், என் மகளாக இருக்கலாம்,
"ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்றாள்.
பேருந்து நிறுத்தத்தில் என்று வந்த வார்த்தையை
விழுங்கிவிட்டேன்.

அன்று மாலை நிறுத்தத்தில்தான் இருந்தேன்.
திரை சொன்னது:
அடுத்த வண்டி, மைனஸ் மூன்று நிமிடம்.
ஏற்கெனவே வந்து போய்விட்ட ஒன்றுக்காக
நான், அக்குளில் குடுவை இடுக்கிய ஒரு நர்ஸ்,
வெள்ளைச் சீருடையில் ஒரு பள்ளிப் பையன்
மூவரும் குளிரில் நின்றோம்.
நேற்று மைனஸ் பதினொன்று, என்றாள் நர்ஸ்.
பழகிடும், என்றான் பையன்.
எனக்குப் பழகவில்லை.
ஏழு மாதத்தில் முதல் தடவையாக
கை பரபரத்தது.

நான்கு மாலை நின்றேன், நோட்டும் பென்சிலுமாக.
சுரங்கப்பாதைக்குள் நுழைகிற வண்டி
செயற்கைக்கோளுக்குத் தொலைந்துபோகிறது.
வெளியே வந்த பிறகும்
கணக்கு மட்டும் உள்ளேயே நிற்கிறது,
இருட்டில், பூஜ்யத்தைத் தாண்டி
இறங்கிக்கொண்டே.

ஒரு பக்கம் எழுதினேன். சுயவிவரம் இல்லை.
எந்த நிறுத்தம், எத்தனை மணி, என் சந்தேகம் என்ன.
யாருக்கு அனுப்புவது?
கம்பத்தின் காலடியில், நாய்கள் மட்டுமே படிக்கும் உயரத்தில்,
பாதி கிழிந்த ஒட்டுத்தாளில்
ஒரு தொலைபேசி எண் இருந்தது.

எடுத்தவர் வில்மார்.
"எங்களிடம் காலியிடம் எதுவும் இல்லையே, அம்மா."
"நான் கேட்கவே இல்லையே."
படித்துக் காட்டினேன். கீபோர்டு சத்தம் நின்றது.
"சுரங்கப்பாதை," என்றார்.
"எட்டு மாதமாக சர்வரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்."
பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு:
"செவ்வாய்க்கிழமை வரமுடியுமா?
ஒரு நாள் சம்பளம்தான் தரமுடியும்."

ஒரு நாள் என்பது
மாதத்தில் முப்பதில் ஒன்று. தெரியும்.
வாடகைக்கு ஆகாது.

இரவு வாஷிங்டனுக்கு எழுதினேன்:
உன் தெருவில் எதெல்லாம் பழுதாகிக் கிடக்கிறது?
பதில் உடனே வந்தது:
லிஃப்ட். ஏடிஎம். நான்.
முதல் இரண்டிலிருந்து தொடங்கு, என்றேன்.
ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினான்.
சிரித்தானா தெரியாது.

செவ்வாய், காலை ஏழரை.
திரையில் நான்கு நிமிடம்.
வண்டி ஒன்பதில் வந்தது.
குறித்துக்கொண்டு ஏறினேன்.